லின்னேயஸ் டிரைப்பின் தென்னிந்தியக் கட்டடக்கலை ஒளிப்படங்கள்

லின்னேயஸ் டிரைப் (1822–1902) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய அதிகாரி. தென்னிந்தியக் கோயில்களையும் அரண்மனைகளையும் கோட்டைகளையும் முறையாக ஒளிப்படம் எடுத்த முன்னோடிகளில் ஒருவர். 1855-இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் இவருடைய கோயில் படங்கள் முதல் வகுப்புப் பதக்கம் பெற்றன. அதே ஆண்டில் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவில் அதிகாரபூர்வ ஒளிப்படக்காரராகப் பணியாற்றினார். அதன்பின் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1857 டிசம்பர் முதல் 1858-இன் முற்பகுதி வரை சேலம், ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய பகுதிகளைப் படம் பிடித்தார்.

இப்படங்கள் அழகுக்காகப் பாராட்டப்பட்டவை. இன்று வரலாற்றுச் சான்றுகளாகவும் பயன்படுபவை. படத்தில் தெரியும் கட்டடம் அவற்றின் ஒரு பாதி வரலாறுதான். கேமரா எந்த இடத்தில் நின்றது, அந்த இடத்தில் நிற்க யாருக்கு அனுமதி இருந்தது என்பது மறு பாதி. மதுரைக்குத் தெற்கே விருதுபட்டி, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது அந்த மறு பாதி தெளிவாகிறது.

பின்னணி

கேமரா வருவதற்கு முன் இந்தியக் கட்டடங்களை மேலைநாட்டாருக்குக் காட்டியவர்கள் ஓவியர்கள். தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் 1792-இல் தமிழகத்தில் பயணம் செய்து மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை உட்படப் பல கட்டடங்களை வரைந்தனர். இந்த ஓவியங்களைப் பின்பற்றி அச்சிட்ட படங்கள் லண்டனில் விற்பனையாயின. ஓவியர் தமக்கு வேண்டியதைக் கூட்டலாம், வேண்டாததைக் குறைக்கலாம். ஒரு தூணில் எத்தனை உருவங்கள் உள்ளன, ஒரு கல்வெட்டில் எத்தனை வரிகள் உள்ளன என்று அறிய விரும்பும் ஆய்வாளருக்கு ஓவியம் போதுமானதாக இல்லை.

1839-இல் பிரான்சில் டாகரின் முறையும், 1841-இல் இங்கிலாந்தில் டால்பட்டின் காகித நெகட்டிவ் முறையும் வெளியாயின. 1850-களின் நடுவில் கம்பெனியின் இயக்குநர்கள் பழங்கட்டடங்களைப் பதிவு செய்ய வரைவாளர்களுக்குப் பதிலாக ஒளிப்படக்காரர்களைப் பயன்படுத்தலாம் என்று கருதினர். பம்பாய் அரசு 1855-இல் தாமஸ் பிக்ஸ் என்ற படை அதிகாரியை இப்பணிக்கு அமர்த்தியது. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளி இருந்தது. 1856-இல் சென்னை ஒளிப்படச் சங்கமும் தோன்றியது. இந்தச் சூழலில்தான் டிரைப்பின் பணி தொடங்கியது.

இளமையும் படைப்பணியும்

டிரைப் 1822 ஏப்ரல் 14 அன்று இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் ஒன்பதாவது பிள்ளை. இளம் வயதிலேயே கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்து, 12-ஆம் சென்னைக் காலாட்படைப் பிரிவில் பணியாற்றினார்.

ஏறத்தாழப் பத்தாண்டு படைப்பணிக்குப் பிறகு விடுப்பில் தாயகம் சென்றார். உடல்நலக் குறைவால் விடுப்பு 1854 வரை நீண்டது. 1851-இல் லண்டனில் நடந்த உலகப் பெருங்கண்காட்சிக்குப் பின் இங்கிலாந்தில் ஒளிப்பட ஆர்வம் வேகமாகப் பரவிய காலம் அது. டிரைப் அந்த ஆண்டுகளில் இக்கலையைக் கற்றார். 1853-இல் லண்டன் ஒளிப்படச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் தொடக்கக்கால உறுப்பினர்களில் ஒருவரானார். டெவன்போர்ட்டின் கப்பல் கட்டும் தளங்களைப் படம் எடுத்துப் பழகினார்.

புதிய நாட்டைக் கண்ட வியப்பில் கேமராவைத் தூக்கிய பயணியல்ல அவர். தென்னிந்தியாவில் பத்தாண்டு வாழ்ந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அங்கே ஒரு தொழில்நுட்பத்தைக் கற்று, ஏற்கெனவே அறிந்த நாட்டுக்கு அதைக் கொண்டு வந்தவர்.

1855-ஆம் ஆண்டுப் பதக்கம்

1854-இல் கேப்டன் பதவியுடன் பெங்களூருக்குத் திரும்பிய டிரைப், அவ்வாண்டு டிசம்பரில் மைசூர்ப் பகுதியின் கோயில்களைப் படம் எடுத்தார். ஹளேபீடு, பேலூர் ஆகிய ஊர்களின் ஹொய்சளர் காலக் கோயில்கள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அக்கோயில்களின் வெளிச்சுவர்களில் ஒரு விரல் இடமும் விடாமல் சிற்பம் செதுக்கப்பட்டிருக்கும். கையால் வரைந்தால் மாதக்கணக்கில் ஆகும் வேலையைக் கேமரா சில நிமிடங்களில் முடித்தது.

1855 பிப்ரவரியில் சென்னையில் தென்னிந்திய மூலப்பொருள்கள், கலைகள், உற்பத்திகள் பற்றிய கண்காட்சி நடைபெற்றது. டிரைப் அதில் 68 ஒளிப்படங்களை வைத்தார். அதற்கு முன் ஒளிப்படம் எடுக்கப்படாத கோயில்கள் அவற்றில் இடம்பெற்றிருந்தன. காகிதத்தில் எடுக்கப்பட்ட காட்சிப் படங்களில் இவையே சிறந்த வரிசை என்று நடுவர்கள் முடிவு செய்து முதல் வகுப்புப் பதக்கம் அளித்தனர். பருத்தி, சாயம், தோல், உலோகப் பொருள்கள் ஆகியவற்றோடு கோயில் படங்களும் ஒரே கண்காட்சியில் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது. கம்பெனி அரசைப் பொறுத்தவரை கட்டடமும் நாட்டின் வளக்கணக்கில் ஒரு பகுதியாக இருந்தது.

பர்மாப் பயணம்

1852-53 போரில் கீழைப் பர்மாவைக் கம்பெனி கைப்பற்றிய பிறகு, மிண்டோன் மன்னரின் அரசவைக்கு ஆர்தர் ஃபேர் தலைமையில் 1855-இல் ஒரு தூதுக்குழு அனுப்பப்பட்டது. ஹென்றி யூல் அதன் செயலாளர். கோல்ஸ்வொர்த்தி கிராண்ட் ஓவியர். தலைமை ஆளுநர் டல்ஹௌசி, டிரைப்பை ஒளிப்படக்காரராக அக்குழுவில் சேர்த்தார்.

குழு ஐராவதி ஆற்றின் வழியே தலைநகர் அமரபுரத்துக்குச் சென்றது. வழியில் பகான் நகரின் செங்கல் கோயில்களையும், அமரபுரத்தின் மரத்தாலான மடாலயங்களையும் டிரைப் படம் எடுத்தார். மழையும் நோயும் பணியைப் பலமுறை தடுத்தன. ஆயினும் இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அவற்றிலிருந்து தேர்ந்த 120 படங்கள் கொண்ட தொகுப்பு பெங்களூரில் 50 படிகளாகத் தயாரானது. அதாவது ஏறத்தாழ 6000 படங்களை ஒவ்வொன்றாக வெயிலில் அச்சிட்டு எடுக்க வேண்டியிருந்தது. இதற்கு உள்ளூர் உதவியாளர்களின் உழைப்பு தேவைப்பட்டது. தொகுப்பின் முகப்பில் இருப்பது டிரைப்பின் பெயர் மட்டுமே.

தூதுக்குழு எதிர்பார்த்த உடன்படிக்கை கையெழுத்தாகவில்லை, படங்கள் நிலைத்தன. அவற்றில் காணும் மரக் கட்டடங்களில் பல பிற்காலத்தில் தீயாலும் இடம்பெயர்ப்பாலும் அழிந்தன. மிண்டோன் மன்னரே சில ஆண்டுகளில் தலைநகரை அமரபுரத்திலிருந்து மண்டலைக்கு மாற்றினார்.

அரசு ஒளிப்படக்காரர்

பர்மாப் பணியின் வெற்றியால் 1856-இல் டிரைப் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். தொல்லியலாளர், சிற்பி, புராண ஆய்வாளர், வரலாற்றாசிரியர் ஆகியோருக்குப் பயன்படும் பொருள்களை, அவை மறைவதற்கு முன் பதிவு செய்வதே தம் நோக்கம் என்று அவர் அரசுக்குத் தெரிவித்தார். கட்டடங்களோடு மக்கள், தொழில்கள், அரசுப் பணிகள் ஆகியவற்றையும் படம் எடுப்பது தொடக்கத் திட்டத்தில் இருந்தது. நடைமுறையில் கட்டடங்களே பெரும்பகுதி ஆயின.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் கருவிகளோடு புறப்பட்டார். வட இந்தியாவில் கம்பெனிக்கு எதிரான பெருங்கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரம் அது. சேலம் மாவட்டத்தின் இராயக்கோட்டை வழியாகத் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் சென்று, அங்கிருந்து மதுரைக்கும், பின் புதுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் போய், இறுதியில் சென்னையை அடைந்தார். பயணம் நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்தது. சென்னையில் மத்திய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த அமராவதிச் சிற்பங்களையும் படம் எடுத்தார். வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்ததால் 'எலியட் சலவைக்கற்கள்' என்று அழைக்கப்பட்ட அச்சிற்பங்கள் பிறகு லண்டனுக்கு அனுப்பப்பட்டன.

மெழுகுத்தாள் முறை

டிரைப் பெரிய படங்களுக்கு மெழுகு பூசிய காகித நெகட்டிவைப் பயன்படுத்தினார். பிரெஞ்சு ஒளிப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1851-இல் வெளியிட்ட முறை இது. மெல்லிய காகிதத்தில் மெழுகை உருக்கி ஊட்டி, அயோடைடு கரைசலில் நனைத்து, பின் வெள்ளி நைட்ரேட்டால் ஒளி உணரும்படி செய்வர். அந்தக் காலத்தில் புகழ்பெற்ற ஈரக் கண்ணாடித் தகட்டு முறையில், தகடு காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். தமிழகத்து வெயிலிலும் புழுதியிலும் அது கடினம். மெழுகுத்தாளை முன்கூட்டியே தயாரித்துச் சில நாள்கள் வைத்திருக்கலாம்; கண்ணாடி போல உடையாது; வண்டியில் எடுத்துச் செல்வதும் எளிது.

இம்முறையின் குறைகள் படங்களின் தோற்றத்தையே தீர்மானித்தன.

முதலாவது, ஒளி பாய்ச்சும் நேரம் நிமிடக்கணக்கில் நீளும். நடப்பவர்கள் படத்தில் பதியமாட்டார்கள். மதுரையின் சந்தடி மிக்க வீதிகளும் மண்டபங்களும் டிரைப்பின் படங்களில் ஆளற்றுக் கிடப்பதற்கு இது முக்கியக் காரணம். அசையாமல் நின்றவர்கள், உட்கார்ந்தவர்கள் மட்டுமே சில படங்களில் தெரிகின்றனர்.

இரண்டாவது, அக்காலத்து வேதிப்பொருள்கள் நீல நிறத்துக்கு மிகையாக எதிர்வினை புரிந்தன. அதனால் வானம் வெறும் வெள்ளையாகத் தெரியும். டிரைப் நெகட்டிவின் மீது நிறமி தீட்டி மேகங்களை உருவாக்கினார். பதிவு என்று அரசு கருதிய படத்திலும் கைவேலை கலந்திருந்தது.

மூன்றாவது, அன்று படத்தைப் பெரிதாக்கும் வசதி நடைமுறையில் இல்லை. நெகட்டிவைக் காகிதத்தின் மீது வைத்து வெயிலில் காட்டியே அச்செடுத்தனர். அச்சுப் படம் எவ்வளவு பெரியதாக வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகட்டிவ் தேவை. அதற்கேற்பப் பெரிய கேமராவும் வேண்டும். ஓர் இடத்தில் அதை நிறுத்துவதே பெரிய வேலை என்பதால், எங்கே நிற்பது என்ற முடிவை முன்கூட்டியே நன்கு யோசித்து எடுக்க வேண்டியிருந்தது.

மதுரைப் படங்கள்

1858-இல் வெளியான டிரைப்பின் தொகுப்புகளில் மதுரை பற்றியது நான்கு பகுதிகளைக் கொண்டது. மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், இராயகோபுரத்தின் தூண்கள், திருமலை நாயக்கர் அரண்மனை, தெப்பக்குளம், வைகையின் குறுக்கே அமைந்த தாம்போதி ஆகியவை அதில் உள்ளன. கோயில் நகைகளைப் பரப்பி வைத்து எடுத்த படமும் உண்டு.

திருமலை நாயக்கர் அரண்மனையின் படங்கள் தனிக் கவனத்துக்குரியவை. 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்த மாளிகையின் பெரும்பகுதி பிற்கால மன்னர் காலத்திலேயே பிரிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருந்த பகுதியும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிதைந்திருந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில்தான் அதைப் பழுதுபார்க்கும் பணி தொடங்கியது. டிரைப்பின் படங்கள் அதற்கு முந்தியவை. இன்று காணும் மாளிகையில் எது நாயக்கர் காலத்தது, எது சீரமைப்பில் சேர்ந்தது என்று ஆராய்பவர்களுக்கு அவை உதவுகின்றன.

இன்னொரு படம் நகரின் மாற்றத்தைக் காட்டுகிறது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்சியர் பிளாக்பர்ன் மதுரையின் கோட்டைச் சுவர்களை இடித்து அகழியைத் தூர்த்தார். வெளிவீதிகளும், பணியை நடத்தியவர்களின் பெயரைத் தாங்கிய மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அதன் விளைவாக உருவாயின. பிளாக்பர்னின் நினைவாக எழுப்பிய விளக்குத்தூணை டிரைப் படம் எடுத்திருக்கிறார். இன்றும் அப்பகுதிக்கு விளக்குத்தூண் என்றே பெயர். பழமையை மட்டும் தேடி வந்த பயணியாக இருந்திருந்தால், அண்மைக் காலத்தில் எழுப்பிய ஒரு தூணுக்கு விலையுயர்ந்த மெழுகுத்தாளைச் செலவிட்டிருக்க மாட்டார். கம்பெனி ஆட்சியின் அடையாளமும் பதிவு செய்யத்தக்கதே என்ற பார்வை அப்படத்தில் இருக்கிறது.

தஞ்சாவூர்க் கல்வெட்டுப் படம்

தஞ்சைப் பெரிய கோயிலில் டிரைப் செய்த பணி இன்னும் துணிவானது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் தமிழ்க் கல்வெட்டுகளை, கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி வரிசையாகப் படம் எடுத்தார். பின் 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். இராசராச சோழன் கால எழுத்துகளை அவர் படிக்கவில்லை. ஆனால் படிக்கக் கூடியவர்களுக்கு அவை வேண்டும் என்பதை அறிந்திருந்தார். இக்கோயிலின் கல்வெட்டுகளைத் தொல்லியல் அறிஞர் ஹுல்ட்ஸ் பதிப்பித்தது 1890-களில்தான். அழகிய கோணத்தைத் தேடுவதற்கும் முழுமையான பதிவைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தச் சுருள் காட்டுகிறது.

பணி நிறுத்தம்

1859-இல் சார்லஸ் டிரெவெலியன் சென்னை ஆளுநரானார். கிளர்ச்சிக்குப் பின் அரசின் நிதிநிலை மோசமாக இருந்தது. செலவைக் குறைப்பதில் அவர் கண்டிப்பானவர். ஒளிப்படப் பிரிவை அன்றைய நிதிநிலைக்குப் பொருந்தாத ஆடம்பரமாகக் கருதி மூட உத்தரவிட்டார். 1860-இல் பிரிவு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் புதிய வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததற்காக டிரெவெலியனும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்.

டிரைப் அதற்குப் பின் படைப்பணிக்கே திரும்பினார். படம் எடுப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். 1870-களில் ஓய்வு பெற்று, பிறந்த ஊருக்குச் சென்று, 1902 மார்ச் 2 அன்று இறந்தார். நீண்ட காலம் மறக்கப்பட்டிருந்த அவருடைய படங்கள் 2014-15-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகிய மூன்று இடங்களில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

கேமரா நின்ற இடம்

மதுரைத் தொகுப்பின் படங்களில் ஒன்று சுந்தரேசுவரர் சன்னதியைச் சுற்றியுள்ள வெளிப்பிராகாரத்தைக் காட்டுவது. இன்னொன்று கோயில் வாயிலுக்கு உள்ளே உள்ள மண்டபத்தைக் காட்டுவது. 1858-இல் ஓர் ஆங்கிலப் படை அதிகாரி தம் பெரிய கேமராவோடும் உதவியாளர்களோடும் கோபுர வாயிலைக் கடந்து உள்ளே நின்றிருக்கிறார். அரசின் ஆணை அதற்கு வழி செய்தது.

அதே காலத்தில் மதுரைக்குத் தெற்கே விருதுபட்டியிலும் சிவகாசியிலும் வாழ்ந்த நாடார்களுக்கு அந்த வாயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்ட பிற சாதியினரின் நிலையும் அதுவே. அவர்களுக்குக் கோயில் என்பது பெரும்பாலும் வெளியில் நின்று கையெடுத்துக் கும்பிடும் கோபுரமாகவே இருந்தது.

இந்தத் தடையை எதிர்த்த போராட்டம் இவ்வட்டாரத்தில் நீண்டது. 1897-இல் கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்ததை எதிர்த்துச் சேதுபதி மன்னர் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. சிவகாசியில் விசுவநாதசுவாமி கோயில் நுழைவு தொடர்பான பகை முற்றி, 1899-இல் 'சிவகாசிக் கொள்ளை' என்று மக்கள் நினைவில் நிற்கும் கலவரம் வெடித்தது. வீடுகள் எரிக்கப்பட்டன, உயிர்கள் பலியாயின.

மீனாட்சியம்மன் கோயிலின் கதவு 1939 ஜூலை 8 அன்று திறந்தது. அ. வைத்தியநாத ஐயரின் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் ஐவரும், விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடாரும் கோயிலுக்குள் சென்றனர். டிரைப்பின் கேமரா உள்ளே நின்ற 81 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது இது.

இதனால் டிரைப்பின் படம் பொய்யாகிவிடாது. தூணும் தளமும் விதானமும் அதில் உண்மையாகவே பதிந்திருக்கின்றன. ஆனால் ஆளில்லாத அந்தப் பிராகாரத்தைப் பார்க்கும் மாணவர், அங்கே ஆள் தெரியாததற்கு இரண்டு வகைக் காரணங்கள் இருந்ததை நினைவில் கொள்ள வேண்டும். நடந்தவர்களைக் கேமரா பதியவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கேமராவின் முன் வரவே இல்லை. முதலாவது வேதியியலின் விளைவு. இரண்டாவது சமூகத்தின் விளைவு. படத்தில் இரண்டும் ஒரே வெறுமையாகத் தெரிகின்றன.

மதுரைக்குத் தெற்கே

டிரைப்பின் 1858 தொகுப்புகளின் தலைப்புகளில் மதுரை, தஞ்சாவூர், திருவையாறு, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, இராயக்கோட்டை ஆகிய பெயர்கள் உள்ளன. திருநெல்வேலிச் சீமை இல்லை. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள் அன்று அச்சீமையைச் சேர்ந்தவை. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1985-இல் தனி மாவட்டமாயின.

படம் எடுக்க வேண்டிய கட்டடம் இங்கே இல்லாமல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தமிழகத்தின் உயர்ந்த கோபுரங்களுள் ஒன்று. திருமலை நாயக்கரின் பெயரால் அழைக்கப்படும் அரண்மனையும் அவ்வூரில் உண்டு. ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்த செய்தி மதுரை அரண்மனைக்கு எட்டுவதற்காக வழிநெடுக மணிமண்டபங்கள் கட்டப்பட்டன என்றும், மணியோசை கேட்ட பிறகே நாயக்கர் உணவருந்துவார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. மணியோசை மதுரைக்கு வந்ததாகச் சொல்லப்படும் அந்த வழியில், அரசின் கேமரா மதுரையிலிருந்து தெற்கே போகவில்லை.

பதிவு இல்லாதபோது என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டு அரசின் முத்திரையே எடுத்துக்காட்டு. அதில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1949-இல் அதை வரைந்த மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணராவ், தாம் மாதிரியாகக் கொண்டது மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தை என்று கூறியிருக்கிறார். ஒரு நூற்றாண்டு கூட ஆகாத படத்தைப் பற்றியே இரு ஊர்களுக்கும் வழக்கு நீடிக்கிறது. டிரைப் தம் படங்களுக்கு எண்ணிட்டு, ஊரையும் கட்டடத்தையும் அதன் பகுதியையும் எழுதி வைத்தது எவ்வளவு பயனுள்ள பழக்கம் என்பது இதனால் விளங்கும்.

சிவகாசியின் கோபுரப் படங்கள்

கோபுரத்தின் படம் இவ்வட்டாரத்துக்குப் பின்னர் வேறொரு வழியாக வந்தது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தா சென்று திரும்பினர். தீப்பெட்டியும் பட்டாசும் பெருகியபோது அவற்றின் மேலே ஒட்டும் வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டன. அந்தத் தேவையால் வளர்ந்த அச்சகங்கள் பிறகு நாள்காட்டிகளை அச்சிடத் தொடங்கின. மீனாட்சி, முருகன், ஆண்டாள் படங்களும் கோபுரங்களும் சிவகாசி நாள்காட்டிகளில் அச்சாகித் தமிழகமெங்கும் வீட்டுச் சுவர்களுக்குச் சென்றன.

டிரைப்பின் பர்மாத் தொகுப்பு 50 படிகள். அவை அரசு அலுவலகங்களுக்கும் கற்றறிந்த சங்கங்களுக்கும் உரியவை. சிவகாசி நாள்காட்டி கடையில் இலவசமாகக் கிடைப்பது. முதலாவதில் கோபுரம் ஆய்வுப் பொருள். இரண்டாவதில் வழிபாட்டுப் பொருள். கோயிலுக்குள் விடப்படாத தலைமுறைகள் வாழ்ந்த ஊரிலேயே கோயிலின் படம் எல்லோருக்குமாக அச்சானது என்பது தமிழகக் கட்டடப் படங்களின் வரலாற்றில் விடுபடக் கூடாத பகுதி.

மதிப்பீடு

டிரைப்பின் படங்கள் பரிசு பெற்றதற்கு அவற்றின் தெளிவும் புதுமையும் காரணம். அவை நிலைத்ததற்குக் காரணம் வேறு: ஒரு கட்டடத்தைப் பல கோணங்களில் எடுத்ததும், பழையதோடு புதியதையும் சேர்த்ததும், ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு வரிசைப்படுத்தியதும் ஆகும். அரசு சில ஆண்டுகளிலேயே ஆடம்பரம் என்று ஒதுக்கிய பணி, இன்று மதுரை, தஞ்சைக் கட்டடங்களின் பழைய நிலையை அறிய முதன்மைச் சான்றாக இருக்கிறது.

அவற்றின் எல்லையும் தெளிவானது. மதுரையோடு அவர் பயணம் திரும்பியது. அதிகாரியாக இருந்ததால் திறந்த வாயில்களின் உள்ளே கேமரா நின்றது. படம் அச்சிட்ட உதவியாளர்களின் பெயர் தொகுப்பின் முகப்பில் ஏறவில்லை. 1858-இன் பிராகாரப் படத்தையும் 1939-இன் ஆலய நுழைவையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கே அந்தக் கற்களின் வரலாறு முழுமையாகத் தெரியும்.